நடுவாந்தரக்காரர் விலாங்கு வாங்கப் போன கதை

ஏதென்ஸ் நகரத்தில் ஆந்தைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படும் உயிரினம் நடுவாந்தரக்காரர். தூண் மண்டபத்தில் யாரோ ஒரு தாடிக்காரர் பேசும்போது இவர் ஓரமாக நின்று கேட்டிருப்பார். கோழைத்தனம் ஒரு முனை, முரட்டுத்தனம் மறுமுனை, வீரம் நடுவில். கஞ்சத்தனம் ஒரு முனை, ஊதாரித்தனம் மறுமுனை, கொடைக்குணம் நடுவில். பாதிப் பேச்சிலேயே கிளம்பிவிட்டிருப்பார். முழுக்கக் கேட்பது பேராசையாம்.

அன்று முதல் இவர் கட்டிலின் நடுவில்தான் படுப்பார். மனைவி எங்கே படுப்பது? அதற்குத் தத்துவத்தில் இடமில்லை. நாய் துரத்தினால் ஓடமாட்டார், கல்லும் எடுக்கமாட்டார். கண்ணியமான வேகத்தில் நடந்து கடி வாங்குவார். துக்க வீட்டில் ஒற்றைக் கண்ணால் அழுவார்.

எங்கள் பக்கத்து வீட்டு நவ்சிக்ளிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மகள் மெலின்னாவுக்கு ஏற்கெனவே வந்த நல்ல வரன்களிடம் சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், மிதமாகச் சிரித்து அனுப்பியிருந்தார். மிச்சமிருந்தது பைதிமோஸின் பிள்ளை ஒருவன்தான். பைதிமோஸ் அன்று மனைவியோடு விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. அவருக்கு விலாங்கு மீன் என்றால் உயிர் என்பதை நவ்சிக்ளிஸின் மனைவி மிர்த்தாலி விசாரித்து வைத்திருந்தாள்.

“ஏங்க, சந்தையில மீன் விற்க மணி அடிச்சதும் முதல் ஆளாப் போய் நில்லுங்க. இன்னிக்கு ஒரு நாளாவது அந்த நற்குணத்தை வீட்லயே வச்சிட்டுப் போங்க.”

மணி அடித்தது. கூட்டம் பாய்ந்தது. மணியோடு பாய்வது தீனிவெறி, கடை கட்டும்போது போவது கஞ்சத்தனம் என்று யோசித்தபடி நவ்சிக்ளிஸ் சந்தையின் நடுவில் நின்றார். கடைசி விலாங்கு கண்ணெதிரே விலைபோகும்வரை நின்றார். மீன்காரர் மீந்திருந்த நெத்திலியை அள்ளிக் கொடுத்து, “வாங்கிக்கங்க சாமி, இதுவும் மீனுக்கும் தூசிக்கும் நடுவுலதான் இருக்கு” என்றார்.

அப்போதுதான் கயிறு வந்தது. சபை கூடும் நாட்களில், சந்தையில் அரட்டை அடிப்பவர்களைச் சபை நடக்கும் குன்றுக்கு ஓட்டிச் செல்ல, சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றை இரு பக்கமும் பிடித்தபடி காவலர்கள் வருவார்கள் அல்லவா? ஊரே சிட்டாகப் பறந்தது. ஓடுகிறவன் கோழை, முட்டுகிறவன் முரடன். வேறு என்ன செய்வார்? நின்றார். முதுகின் குறுக்கே, மிகச் சரியாக நடுவில், ஒரு சிவப்புக் கோடு.

சபை முடிந்து, கோட்டோடும் நெத்திலியோடும் மிதமான வேகத்தில் நடந்து வீடு திரும்பினால், வாசலில் பைதிமோஸ் நிற்கிறார். அவர் மனைவி எப்போதோ உள்ளே போய்விட்டாள். சட்டென்று நுழைவது அவசரம், திரும்பிப் போவது அவமரியாதை என்று இவர் மட்டும் வெகுநேரமாக நின்றிருக்கிறார். அவர் முதுகிலும் சிவப்புக் கோடு.

இனம் இனத்தைக் கண்டுகொண்ட ஆனந்தத்தை எப்படிச் சொல்ல? மிதமாகத்தான் இருந்தது. நெத்திலியை ரசித்தார்கள். மதுவில் எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று பேசிப் பேசி மீதி நெத்திலியை ஆறவைத்தார்கள். கல்யாணப் பேச்சு வந்தது. உடனே சம்மதிப்பது துடுக்கு, மறுப்பது கடுமை என்பதில் இருவருக்கும் முழு உடன்பாடு. ஆகவே இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

ஆண்கள் விருந்தில் பெண்கள் தலைகாட்டுவதில்லை. ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து மிர்த்தாலியின் குரல் வந்தது.

“நீங்க ரெண்டு பேரும் நிதானமா நடுவுலயே இருங்க. நானும் சம்பந்தியம்மாவும் நாள் குறிச்சாச்சு. வேணாம்னா இப்பவே சத்தமாச் சொல்லிடுங்க.”

சத்தமாகச் சொல்வது ஒரு முனை அல்லவா? இருவரும் வாய் திறக்கவில்லை. மெலின்னாவுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது.

இதைப் படித்த நீங்கள், ‘நான் அந்த அளவுக்கு மோசமில்லை, அதற்காக அந்தக் குணம் எனக்கு அறவே கிடையாது என்றும் சொல்லமாட்டேன், ஏதோ கொஞ்சம்...’ என்று நினைக்கிறீர்களா?

தயவுசெய்து சற்றுத் திரும்பி நில்லுங்கள். முதுகைப் பார்க்க வேண்டும்.