பன்னிரண்டு மணி இடத்தில் யார்?

அனந்தராமன் வரைந்திருந்த படத்தில் அவருடைய அண்ணாவின் பெட்டி, அவருடைய பெட்டியைவிட அரை அங்குலம் சின்னதாக இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவள் அக்கா லலிதாம்பாள். மல்காஜ்கிரியிலிருந்து ஆட்டோ பிடித்து உப்பலில் தம்பி வீட்டுக்கு வந்தவள், கையில் கொடுத்த காப்பியை ஆறவிட்டுவிட்டுத் திருச்சிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அண்ணா சீதாராமன் உடனே தம்பியைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏண்டா, எனக்கு நீ அண்ணாவா, உனக்கு நான் அண்ணாவா?"

"அண்ணா, அது வெறும் ப்ளான். பென்சில்ல போட்டது."

"பென்சில்லயே இப்படின்னா, கம்ப்யூட்டர்ல என்னை வாசலோட நிறுத்திடுவே போலிருக்கே!"

இத்தனைக்கும் காரணம், கொண்டாப்பூரிலிருந்து வந்த ஒரு சம்பந்தம். அனந்தராமனின் மகள் சாருலதாவுக்கு இருபத்தெட்டு முடியப்போகிறது. இதற்குமுன் வந்த மூன்று வரன்களும், அனந்தராமன் விசாரிக்கப் போன இடத்தில் உடைந்தன. பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்தவர். ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று இடத்தில் விசாரித்தவர், மாப்பிள்ளையை விசாரிக்காமல் விடுவாரா? ஒரு பையனின் அடுக்ககத்தில் வாட்ச்மேனையும் பால்காரரையும் நிறுத்திவைத்துக் கேட்டார். இன்னொரு பையனின் மானேஜரிடமே போய், "பையனுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டார். பையனுக்கு அன்றைக்கு வந்தது.

"இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா, உங்களோட நான் பேசறதா இல்லை," என்று மனைவி கல்பகம் சொல்லியிருந்தாள்.

நாலாவது வரன் வெங்கட். அவனுடைய அப்பா பத்ரிநாராயணன் ஃபோனில் மரியாதையாகத்தான் பேசினார்.

"இன்னும் ரெண்டு வாரத்துல, ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரோம். அதுக்குள்ள உங்க குடும்ப வெப்சைட் அட்ரஸைக் குடுத்தேள்னா பாத்துடுவோம். ஜாதகம் மாதிரிதான். உங்களுது வந்ததும் எங்களுதைத் தரோம்."

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஹைதராபாத்தில் எதற்கெடுத்தாலும் வெப்சைட் என்றார்கள். ஒரு தாசில்தாரின் பேரன், எங்களுக்கு இல்லை என்று வாயால் சொல்லலாமா?

"அதுக்கென்ன, தயாராயிண்டே இருக்கு," என்று சொல்லிவிட்டார் அனந்தராமன்.

சாருலதா தன் ஆபீஸில் வேலை பார்க்கும் ஸ்ரீனிவாஸை அழைத்து வந்தாள். இந்த ஊரிலேயே பிறந்து படித்த தமிழ்ப் பிள்ளை.

"கட்டறது டூ டேஸ் வேலை அங்கிள். ஆனா ப்ளான் ஃபர்ஸ்ட். எந்தப் பேஜ், அதுல யாரு, யாருக்குக் கீழ யாரு, எல்லாம் பேப்பர்ல போடுங்க. ஃபேமிலில எல்லாரும் சைன் பண்ணணும். அதுக்கப்புறம் சேஞ்ச் கேட்டா நக்கோ, முடியாது."

"பாத்தியா கல்பகம்? இந்தக் காலத்துல இப்படி ஒரு பொறுப்பான பிள்ளை!"

"ஆமாம்பா," என்றாள் சாருலதா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்றே சார்ட் பேப்பரும் அடி ஸ்கேலும் வாங்கியாயிற்று. ஆரம்பித்த ரெண்டாம் நாள்தான் அந்த அரை அங்குலம்.

அனந்தராமன் அண்ணாவின் பெட்டியைப் பெரிதாக்கி உச்சியில் வைத்தார். லலிதாம்பாள் திரும்பவும் ஆட்டோ பிடித்து வந்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி பொறந்தவ நான். பொண்ணுன்னா ரெண்டாம் பக்கமா?"

"சரி அக்கா, வயசுப்படி போட்டுடறேன். உனக்கு முதல் பெட்டி. கீழே பிறந்த தேதி."

"தேதியா? அமெரிக்காக்காரன்லாம் என் வயசைப் பாக்கணுமாக்கும்?"

அகர வரிசையில் போட்டார். யாருக்கும் மனத்தாங்கல் வராத ஏற்பாடு என்று திருச்சிக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்.

"ரொம்ப நன்னாயிருக்கு," என்றார் சீதாராமன். "அனந்தராமன்தான் முதல்ல வரான். நான் கவனிக்க மாட்டேன்னு நெனச்சியா?"

புதன்கிழமை காலை அனந்தராமன் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். கொண்டாப்பூர் போய்ப் பையன் வீட்டுப் பக்கம் நாலு பேரிடம் கேட்டுவிட்டு வரலாம் என்று எண்ணம். ஹெல்மெட்டைக் கையில் எடுத்தபோது ஸ்ரீனிவாஸின் ஃபோன்.

"அங்கிள், ஒரு ஐடியா. பாக்ஸ் எல்லாத்தையும் ரவுண்டா போடுங்க. ஃபர்ஸ்டும் இல்ல, லாஸ்ட்டும் இல்ல."

அனந்தராமன் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிவிட்டுக் காம்பஸைத் தேடினார். மத்தியானத்துக்குள் வட்டம் திருச்சி போய்ச் சேர்ந்தது.

"கடியாரம் மாதிரின்னா போட்டிருக்கே," என்றார் சீதாராமன். "பன்னண்டு மணி இடத்துல யாரு?"

"வட்டத்துல அதெல்லாம் கிடையாது அண்ணா."

"ஏண்டா கிடையாது? நான் ஏழு மணியில தொங்கிண்டிருக்கேன். கண்ணு தெரியாதா எனக்கு?"

பன்னிரண்டு மணி இடத்துக்காக வெள்ளி, சனி இரண்டு நாளும் திருச்சியும் மல்காஜ்கிரியும் மாறி மாறிப் பேசின. அனந்தராமன் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரைந்தார். யாரையாவது ஏழு மணியிலிருந்து எடுத்தால் வேறு யாரோ அங்கே வந்து விழுந்தார்கள். திங்கட்கிழமை மனிதர்களையே எடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் குலதெய்வம் மட்டும்.

"அப்ப உள்ள போறது எப்படி?" என்று கேட்டாள் கல்பகம்.

"சாமி மேல க்ளிக் பண்ணணும் ஆன்ட்டி," என்றான் ஸ்ரீனிவாஸ்.

"பெருமாளை நெத்தியில அமுக்கினாத்தான் உங்கண்ணா வெளியில வருவாராமா? என் தலையிருக்கறவரைக்கும் நடக்காது."

சனிக்கிழமை, இருபத்தோராவது ப்ளானில் கையெழுத்துகள் மொத்தம் ஒன்று. அது அனந்தராமனுடையது.

ஞாயிற்றுக்கிழமை பத்ரிநாராயணன், அவர் மனைவி, மகன் வெங்கட், கல்லூரியில் படிக்கும் மகள் சுபாஸ்ரீ எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். யாருக்கு முன்னும் தலைகுனிந்து பழகாத அனந்தராமன், சுருட்டிய சார்ட் பேப்பருடன் வந்து நின்றார்.

"மன்னிக்கணும். சொன்ன வாக்கைக் காப்பாத்த முடியலை. ப்ளான்தான் இருக்கு. வெப்சைட் இல்லை."

கல்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதனாலென்ன?" என்றார் பத்ரிநாராயணன். பேப்பரை வாங்கிப் பிரிக்காமலேயே சோபாவில் வைத்தார். "பொண்ணைப் பிடிச்சிருக்கு, குடும்பத்தைப் பிடிச்சிருக்கு. உங்களுக்குச் சம்மதம்னா இப்பவே தட்டு மாத்திக்கலாமே?"

தட்டு மாற்றிக்கொண்டார்கள். தை மாதத்தில் தேதி குறித்தார்கள். கேசரி வந்தது. அனந்தராமனின் முதுகு மறுபடி நிமிர்ந்தது. ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்று, பக்கத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த சுபாஸ்ரீயிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எங்களுது முடியலைங்கறதுக்காக உங்களுதைப் பாக்காம இருக்கப்படாது. உங்காத்து வெப்சைட் அட்ரஸ் என்னம்மா?"

"எங்களுக்கு ஏது மாமா வெப்சைட்?" என்றாள் சுபாஸ்ரீ. "'எங்கப்பாகிட்ட அப்படி ஒண்ணு கேட்டு வெச்சுடுங்கோ, ப்ளான் போட்டு முடிக்கறதுக்குள்ள நிச்சயமே ஆயிடும், விசாரிக்கக் கிளம்ப மாட்டார்'னு, போன தீபாவளிக்கு எங்காத்துக்குச் சாப்பிட வந்தப்பவே சாரு மன்னி சொல்லிட்டாளே!"