நீள்செவி நீர்மூழ்கி உணர்கருவி, ஒன்று

கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொல்ல முடியாது. இது இன்னும் அரசாங்க ரகசியம்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையின் இரண்டாம் வருஷம். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எங்கள் ஊரில் மீன் பிடிக்கிறவர்களைவிடக் கருவி கண்டுபிடிக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வாராவாரம் வரும் விஞ்ஞானப் பத்திரிகை செய்த வேலை. பாதிரியார், மூலை திரும்பிச் சுடும் பீரங்கி வரைந்தார். நாவிதர், மேகத்தை உறையவைத்து அதன்மேல் பீரங்கி ஏற்றலாம் என்றார். இருவருக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று கடிதம் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார்கள்.

மீன்காரி லவ்டே டிரெம்பாத்துக்கு வேண்டியது அவள் கழுதை ஜூபிலி மட்டும்தான். பட்டாளத்துக்காரர்கள் அதைக் "குதிரை, சிறியது" என்று எழுதி ஓட்டிப் போயிருந்தார்கள். தம்பி ஜேகோ விடியலில் கொண்டுவரும் மத்தியை மதியத்துக்குள் மேட்டு ஊர்களில் விற்றாக வேண்டும். கழுதை இல்லாமல் பத்து நாளாக மீன் நாறிக் குப்பைக்குப் போனது. அடுப்பும் பாதி நாள் எரியவில்லை.

பட்டணத்து அலுவலகத்துக்கு நடந்தே போனாள். குதிரையைத் திருப்பிக் கேட்கத்தான் படிவம் உண்டு, கழுதை எதையும் எடுத்ததாகப் பதிவே இல்லை என்றார் குமாஸ்தா. குதிரை என்று கையெழுத்துப் போட்டால் பொய்ச் சத்தியமாம். பக்கத்து அறையில் 'புதுக்கருவிகள்' என்று பலகை. அங்கே வருகிறவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லவ்டே அதற்குள் நுழைந்தாள்.

மேஜர் ஃபாதர்கில் பேனாவைத் திறந்தார். "என்னம்மா கண்டுபிடிச்சிருக்கீங்க?"

"நீர்மூழ்கி வந்தா காட்டிக் குடுக்கற கருவி ஐயா. ரெண்டு காது. தண்ணிக்கடியில எந்திரம் ஓடினா ரெண்டும் நிமிரும்."

"எரிபொருள்?"

"புல்லு."

நிலக்கரி மிச்சம் என்று குறித்துக்கொண்டார். "சோதிச்சுப் பாத்தாச்சா?"

"எட்டு வருஷம் எங்க கரையில நின்னுச்சு ஐயா. ஒரு நீர்மூழ்கிகூடக் கிட்ட வரல."

கருவி இப்போது பட்டாளத்து லாயத்தில் "குதிரை, சிறியது" என்ற பெயரில் நிற்கிறது என்றும் சொன்னாள். மேஜர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

நாலாம் நாள் இரண்டு சிப்பாய் காவலோடு ஜூபிலி வந்தது. காகிதத்தில் அதன் பெயர் 'நீள்செவி நீர்மூழ்கி உணர்கருவி, ஒன்று'. அதைக் கழுதை என்று அழைப்பது இனிமேல் குற்றம். வண்டியில் பூட்டவும் தடை. லவ்டே மறுபடி எழுதிப் போட்டாள்: மீன்வண்டி இழுத்து மேடேறினால்தான் கருவி சூடாகி நன்றாகக் கேட்கிறது. உத்தரவு வந்தது, பெயருக்கு முன்னால் 'நடமாடும்' என்றும் சேர்த்திருந்தார்கள்.

மீன் விற்றது. ரகசியம் என்பதால் பத்திரிகைக்காரர்கள் ஜூபிலியின் முகத்தை மட்டும் மறைத்துப் படம் போட்டார்கள். பாதிரியார் எதிரே வந்தால் அபசகுனம் என்று படகைத் திருப்புகிற எங்கள் ஆட்கள், இப்போது ஜூபிலியின் காதைப் பார்த்துவிட்டே வலையைத் தொட்டார்கள். லவ்டே இடுப்பில் கட்டிய முன்துணியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். விஷயம் தெரிந்தவன் ஜேகோ ஒருவன்தான்.

ஒரு காலை, மத்திக் கூட்டம் கடலைக் கறுப்பாக்கிக்கொண்டு நின்றது. ஜேகோ படகைத் தள்ளினான். கரையில் ஜூபிலி இரண்டு காதையும் நிமிர்த்தியது. லவ்டே படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈ கடிச்சிருக்கும்க்கா. நீ கட்டிவிட்ட கதைதானே? கயித்த விடு."

"தெரியும்டா," என்றாள் லவ்டே. கயிற்றை இழுத்துக்கொண்டுபோய்த் தூணில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டாள்.