நில அளவையர் டப்பா தேடு படலம்

நிலமகளின் நீள அகலங்களை நாடா பிடித்து அறிந்தவன். ஒற்றை எல்லைக்கல்லால் ஊர்ப்பட்ட வேலிச் சண்டைகளைத் தீர்த்து வைத்தவன். மண்வெட்டி ஓங்கிய இருவருக்கு நடுவே அளவைக் கருவியின் முக்காலியை விரித்து, "கொஞ்சம் தள்ளி நின்னு அடிச்சுக்கோங்க, கண்ணாடிய மறைக்குது" என்று பகர்ந்த கலங்கா நெஞ்சன். அலுவலகத்தில் அளவையர் என்றும் அக்காள் வீட்டில் மாமா என்றும் இருபெயர் தாங்கிய தொந்திக் கோமான் வாழ்க. அவன் புகழ் பாடப் புகுந்த எனக்கு, காது மடலைக் கடிக்கும் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையே, நீயே துணை. பாடி முடிக்கும்வரை என் விரல் விறைக்காமல் காப்பாயாக.

அவன் எடுத்த போர் யாதெனில், கேளீர். உலகெங்கும் பொழுது போகாத நல்லோர் சிலர், சிறு சிறு டப்பாக்களைப் பொது இடங்களில் ஒளித்து வைத்து, அவை இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கைபேசிச் செயலி ஒன்றில் போட்டுவிடுகிறார்கள். ஜியோகேச்சிங் என்பது அந்த விளையாட்டின் பெயர். தேடிக் கண்டவர்க்குப் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை, கைதட்ட ஒரு ஆளும் இல்லை. இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனதே இல்லை.

நம் மாமன் இதற்குமுன் இருமுறை மருமக்கள் படையோடு புறப்பட்டு, இருமுறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தான். அதே காலத்தில் மாற்றார் பாசறையில், அதாவது குழந்தைகளின் அப்பா வழியில், சித்தப்பன் என்றொரு சிங்கம் போன இடமெல்லாம் டப்பாவைக் கண்டுபிடித்து வந்தது. ஆதலால் அன்று காலை, பேருந்து நிறுத்தத்தில், பல்லுக்குக் கம்பி கட்டியவளும் விதி வழுவா நீதிபதியுமாகிய மூத்த மருமகள் ஓர் ஆணை பிறப்பித்தாள்.

"மாமா, இன்னைக்கும் கிடைக்கலைன்னா அடுத்த வாரத்துலேருந்து நாங்க சித்தப்பாகூடப் போறோம். கோவிச்சுக்காதீங்க."

மாமன் இடியென நகைத்தான். உள்ளே மட்டும் சுருக்கென்றது. இந்த மருமக்கள் இருவரும் வராத ஞாயிற்றுக்கிழமையில் தனக்குத் தொலைக்காட்சியையும் நேற்றைய சோற்றையும் தவிர வேறு துணை இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஆகவே இம்முறை அவன் ஆயுதம் தரித்து வந்திருந்தான். இருட்டிலும் ஒளிரும் ஆரஞ்சு மேலங்கி மார்பை மூட, ஆளுயரக் கோலின் உச்சியில் கவிழ்த்த தட்டுப்போல் அமர்ந்து வானத்துச் செயற்கைக்கோள்களோடு நேரே பேசும் அலுவலகக் கருவி வலக்கையில் ஓங்க, அக்காள் சுற்றிய கம்பளி அடுக்குகளால் பொட்டலம் என்றே பெயர் பெற்ற இளைய மருமகள் இடக்கையில் தொங்க, வாய்ப்புகை வெண்கொடியாய்ப் பறக்க, பெரிய பூங்காவின் வாசலில் போய் நின்றான்.

அந்தோ, அங்கேதான் விதி வாலை நீட்டியது. செயலியில் பாகையும், நிமிடமும், நிமிடத்துக்குப் பின் ஒரு புள்ளியும், புள்ளிக்குப் பின் நிமிடத்தின் தசமப் பகுதியும் இருந்தன. மாமனோ, வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் பாகை, நிமிடம், வினாடி என்றே எழுதியும் படித்தும் பழகியவன் ஆதலால், புள்ளிக்குப் பின்னால் கிடந்த எண்ணை வினாடி என்று வாசித்துத் தன் கருவியில் ஏற்றினான். தொழில் தெரியாதவன் எவனும் கைபேசி காட்டிய பக்கம் நடந்து டப்பாவைக் கண்டுபிடித்திருப்பான். தொழில் தெரிந்த மாமன் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனான்.

"மாமா, போன்ல குளத்துப் பக்கம் காட்டுது" என்றாள் பெரியவள்.

"போன் முன்னப்பின்னதான் காட்டும். இது இம்மி பிசகாது" என்று முழங்கினான் மாமன்.

அவன் சொன்னது மெய்யே. கருவி இம்மியும் பிசகாமல் அவர்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அது பூங்காவுக்கு அப்பால், ஒரு தெருமுனை வீட்டின் பச்சை வேலி. அவ்வீட்டை ஆண்டவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஒரு காலத்தில் ஊராரை வாயைத் திறக்கச் சொன்ன அப்பெருமகன், அன்று ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்ததும் தம் வாயைத் திறந்தார். அவர் கண்டது என்ன? ஆரஞ்சு மேலங்கி, அளவுக்கோல், தம் வேலியின் வேரடியில் குனிந்து கிளைகளை விலக்கும் ஓர் அரசாங்க முதுகு. ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறுகாலில் மனைவி செருப்புமாக, போர்த்திய போர்வை புழுதி வார, வாசற்கதவை உதைத்துத் திறந்து களம் புகுந்தார்.

"ரோட்ட அகலப்படுத்தப் போறீங்களா? எத்தனை அடி எடுப்பீங்க? இது நான் கையால வச்ச வேலி."

"இல்ல சார், நாங்க ஒரு டப்பா தேடுறோம்."

"அளக்குற கோலை வச்சுக்கிட்டு டப்பா தேடுறீங்களா? என்னப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

வாய்ப்போர் முற்றிக் கைப்போர் ஆயிற்று. டாக்டர் கோலின் அடியைப் பற்றினார். மாமன் நடுவைப் பற்றினான். கடைவாய்ப் பற்கள் கணக்கற்றவற்றை வேரோடு பிடுங்கிய கரம் ஒருபுறம் இழுக்க, எல்லைக்கற்கள் கணக்கற்றவற்றை மண்ணில் நாட்டிய கரம் மறுபுறம் இழுக்க, இரண்டு யானைகள் ஒரே கரும்பைக் கவ்வியதுபோல் இருவரும் நடைபாதையில் சுழன்றார்கள். உச்சியிலிருந்த அலுவலகக் கருவி வானத்தோடு பேசுவதை விட்டுவிட்டு இப்படியும் அப்படியும் ஆடியது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் நாயோடு வந்தவர் நாயை மட்டும் முன்னே விட்டு நின்று பார்த்தார்.

அப்போது, அதுவரை வாய் திறவாத பொட்டலம், கழுத்துத் துணியை மூக்குக்குக் கீழே இறக்கியது.

"தாத்தா, மாமாவுக்கு இடம் கண்டுபிடிக்கத் தெரியல. அதான்."

போர் நின்றது. டாக்டர் கோலை விட்டார். "இத முதல்லயே சொல்லிருக்கலாமே, தம்பி" என்றார். அந்தக் குரலில் இருந்த இரக்கம், கோல் குத்தியிருந்தால்கூட வலித்திராத இடத்தில் மாமனுக்கு வலித்தது.

பெரியவள் கைபேசியை நீட்டினாள். மாமன் எண்ணைப் படித்தான். மறுபடியும் படித்தான். அவன் நினைத்திருந்தால் கருவி கெட்டுவிட்டது என்றிருக்கலாம். மேகம் மறைக்கிறது என்றிருக்கலாம். டாக்டர் ஆட்டிவிட்டார் என்று அவர்மேலேயே பழியைப் போட்டிருக்கலாம். கேட்க ஆளில்லை. கூச்சத்தில் அவனுக்குக் காது வரைக்கும் சூடேறியது.

"நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். போன் சரியாத்தான் காட்டிருக்கு" என்றான்.

பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மீண்டும் படை நடந்தது. குளத்தின் ஒரு கோடியில், உறைபனி பூத்த புல்லின் நடுவே, ஒரு சிறிய மரப்பாலம். மாமன் குப்புற விழுந்தான். விழுந்தான் என்பது தவறு, நிலமகளை நெஞ்சாரத் தழுவினான். தொந்தி தடுத்தும், ஈரம் சட்டையைத் தாண்டி மேனியை எட்டியும், பொட்டலம் அவன் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்து "இன்னும் உள்ள, மாமா, இன்னும் உள்ள" என்று தேர்ப்பாகன் வேலை பார்த்தும், அவன் கை பலகைகளின் அடியில் துழாவியது. முதலில் சிலந்தி வலை கிடைத்தது. பிறகு துருப்பிடித்த ஆணி. பிறகு குளிர்ந்து கொழகொழவென்று ஒன்று, அதை நான் பாட மாட்டேன். கடைசியில், காந்தத்தால் இரும்புச் சட்டத்தில் ஒட்டிக்கிடந்த, தீப்பெட்டி அளவே ஆன, டப்பா.

மூவரும் போட்ட கூச்சலில் குளத்து வாத்துகள் அத்தனையும் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. விறைத்த விரலுக்கு மூடி அசையாமல் போக, மாமன் அதைப் பல்லால் கடித்துத் திறந்தான். உள்ளே ஒரு தாள்சுருள். அதில் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள். கடைசியாக, அச்சிட்டாற்போன்ற எழுத்தில், சித்தப்பனின் பெயர்.

"இதுக்குக் கீழ நம்ம பேர எழுதணும். எழுதினாத்தான் கிடைச்ச கணக்கு" என்று சட்டம் உரைத்தாள் பெரியவள்.

மாமன் பைகளைக் கவிழ்த்தான். பேருந்துச் சீட்டு வந்தது, ஒற்றைக் கையுறை வந்தது, பொட்டலத்தின் பையிலிருந்து பாதி தின்ற பிஸ்கட் வந்தது. பூமிப்பந்தின் எந்தப் புள்ளியையும் குறிக்கவல்ல அந்தப் பேராளனிடம், ஒரு தாளில் புள்ளி வைக்கப் பேனா இல்லை.

"அப்ப இதுவும் கணக்குல வராதா?" என்றான். "வராது" என்றாள் நீதிபதி. மாமன் டப்பாவை இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துவிட்டு எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு, தானே தன் தண்டனையைச் சொன்னான். "சரி. அடுத்த வாரம் சித்தப்பாவக் கூட்டிட்டு வந்து எழுதிடுங்க."

"சித்தப்பாகூட வந்தா வேணாம்" என்றாள் பெரியவள். "அவரு போனதும் எடுத்துடுவாரு, உடனே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. நீங்களே வாங்க, மாமா. கோலையும் எடுத்துட்டு வாங்க."

"அந்தத் தாத்தா வீட்டுக்கும் போகலாம்" என்றது பொட்டலம்.

அவ்வுரை செவிப்பட்ட அக்கணத்தில், தோற்ற களத்திலேயே முடி சூடியவனாய், ஈரச்சட்டை வீரக்கவசமாய் மின்ன, கோல் செங்கோலாய் நிமிர, மருமக்கள் இருவரும் இருபுறமும் தோள்வளைகளாய்த் தொங்க, எதிர்க்கரை வாத்துகள் வாழ்த்தொலி எழுப்ப, மார்பு விம்மி, கண் பனித்து, அந்தப் பழியைக் குளிர்காற்றின்மேல் போட்டு, பேருந்து நிறுத்தம் நோக்கி உலாப் போந்தான் நம் பெருந்தகை மாமன். மறுநாள் மூன்று பேருக்கும் சளி பிடித்தது.