செடியிடம் டிக்கெட் கேட்ட டி.டி.ஆர் அக்கா

ரயிலில் டிக்கெட் கேட்பவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். செடிகளிடம் டிக்கெட் கேட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சேலம் சூரமங்கலத்தில், எங்கள் தெருவில், என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். இதில் எனக்குள்ள பெருமை கொஞ்சம் அதிகப்படி என்பது என் மனைவியின் கட்சி. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் டி.டி.ஆர் அக்கா. ஓய்வு பெற்ற அன்று ரயில்வே அவரை விட்டது, கறுப்புக் கோட்டை அவர் விடவில்லை. மற்ற பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். அக்கா நைட்டிக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார். பிறந்தது நாமகிரிப்பேட்டைப் பக்கம் என்பதால் 'ங்க' போடாமல் பேச வராது. டிக்கெட் இல்லாதவரை இறக்கிவிடும்போதுகூட மரியாதையாகத்தான் இறக்குவாராம்.

அக்காவுக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர். காலையில் காப்பி குடித்த கையோடு தெருவில் ஒரு நடை வருவார். ஒவ்வொரு காம்பவுண்டுச் சுவராக எட்டிப் பார்ப்பார். புதுச்செடி எதுவும் கண்ணில் பட்டால் விசாரணை அங்கேயே தொடங்கிவிடும். "எங்க ஏறுனீங்க? எங்க இறங்குவீங்க? கூட எத்தன பேரு வாராங்க?" செடி பதில் சொல்லாது, அக்காவே சொல்லிக்கொள்வார். கறிவேப்பிலை, எலுமிச்சை, வெட்சி, ஆவாரை எல்லாம் நல்ல குடும்பம், பூச்சிக்குச் சோறு போட்டுவிட்டு வைத்த இடத்தில் இருக்கும். ஆனால் பளபளவென்று பூவைக் காட்டிப் பூச்சியை வளைத்துப் போட்டுவிட்டு, பின்பக்கமாகத் தன் விதையைக் குருவி வயிற்றில் ஏற்றி ஊரெல்லாம் குடும்பத்தைக் குடியேற்றும் செடிகள் இருக்கின்றனவே, அவை டிக்கெட் இல்லாமல் ஏறிய 'வித்தவுட்டு'. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை உண்ணிச்செடி.

எதிர்வீட்டு டீச்சர் நர்சரியிலிருந்து ஆசையாக ஒரு உண்ணிச்செடித் தொட்டி வாங்கி வைத்தார். மறுநாள் அக்கா அதன்முன் நின்று, "ஏனுங்க, நீங்களா இறங்குறீங்களா, நான் இறக்கட்டுங்களா?" என்று கேட்டார். ஸ்டூல் மேல் நின்று துணிக்கொடி கட்டிக்கொண்டிருந்த டீச்சர் பயந்துபோய் இறங்கிவிட்டார். தொட்டியும் அன்று மாலையே நர்சரிக்குத் திரும்பியது.

என் வீடும் தப்பவில்லை. ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப்போன என் மனைவி, கொத்தில் இருந்த பச்சைப் புழுவைக் குச்சியால் தட்டிவிடப் பார்த்தாள். அக்கா கேட் அருகே நின்றிருந்தார். அப்புறம் நடந்த சொற்பொழிவின் பயனாக, வாசலில் மரத்தை வைத்துக்கொண்டு உழவர் சந்தையில் கறிவேப்பிலை வாங்கும் குடும்பமாகிவிட்டோம்.

இதெல்லாம் சின்ன விஷயம். தெருக்கோடியில் ஒரு காலி மனை கிடக்கிறது, தெருவுக்குப் பொதுவானது. அதில் கல் பதித்துக் கார் நிறுத்தலாம் என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் முடிவு செய்து, கல்லையும் கொண்டுவந்து அடுக்கிவிட்டார். தலைவரும் ரயில்வேக்காரர்தான். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டிய கார்டு, சொன்னால் சொன்னதுதான். அக்கா அவரிடம் ஒரு மழைக்காலம் மட்டும் தவணை கேட்டார். அதற்குள் அங்கே பட்டாம்பூச்சித் தோட்டம் நிற்காவிட்டால் கல் பதித்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம்.

அக்கா எருக்கு வைத்தார், கிலுகிலுப்பை வைத்தார், தேள்கொடுக்கு வைத்தார், எல்லாம் பட்டாம்பூச்சி தேடி வரும் செடிகள். எருக்கு முளைத்துப் போக என்று சாபம் விடுகிற ஊரில் எருக்கை நட்டு, தண்ணீர் வேறு ஊற்றினால் தெரு சும்மா இருக்குமா? இதற்கு மனையை அப்படியே விட்டிருந்தால் தானாக முளைத்திருக்குமே என்றார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தலைவர் பார்வையிட வரும் ஞாயிற்றுக்கிழமையும் நெருங்கியது. புழுக்கள் வந்தன. வந்த வேகத்தில் இலை, மொட்டு எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டன. தோட்டம் விளக்குமாற்றை நட்டு வைத்தாற்போல் நின்றது. அக்கா தோற்றுவிடக் கூடாது என்று முடிவு செய்தோம். நானும் டீச்சரும் இன்னும் சிலரும் சேர்ந்து, அவருக்குத் தெரியாமல் ஞாயிறு விடிந்ததும் பூத்துக் குலுங்கும் தொட்டிகளைக் கொண்டுபோய் வரிசையாக அடுக்கினோம். எல்லாம் உண்ணிச்செடி. முந்தின நாள் நர்சரியில் பூவோடு இருந்தது அது ஒன்றுதான்.

தலைவர் வந்தார். பட்டாம்பூச்சிகளும் வந்து பூவில் உட்கார்ந்தன. இது நன்றாகத்தான் இருக்கிறது, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லியும் விட்டார். எங்களுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கோட்டோடு அக்கா உள்ளே நுழைந்தார். தொட்டிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கி வெளியே வைக்க ஆரம்பித்தார்.

"அக்கா, ஜெயிச்சாச்சு. கம்முனு இருங்க" என்று கெஞ்சினேன்.

"ஜெயிக்கறதுக்கு வித்தவுட்ட ஏத்துனா நான் எதுக்குங்க கோட்டுப் போட்டுட்டு நிக்கறேன்?" என்றார். பிறகு தலைவரிடம் திரும்பினார். "இதுக்கும் பூச்சி வருமுங்க, இல்லைங்கல. ஆனா பழத்தக் குருவி தின்னுட்டுக் கஞ்சமலையில போயி எச்சம் போடுமுங்க. இது ஏறுன எடத்துல அப்பறம் புல்லு உக்கார எடமிருக்காதுங்க."

தொட்டிகள் போனதும் மிஞ்சியது வெறுங்குச்சி. தலைவர் முகம் மாறிவிட்டது. இங்கே என்ன இருக்கிறது, நாளைக்கே கல்லைப் பதித்துவிடலாம் என்றார்.

அக்கா அவரை எருக்கஞ்செடி அருகே கூட்டிப்போய்க் குனியச் சொன்னார். காம்புக்குக் கீழே ஒரு பட்டாம்பூச்சிக் கூடு, பச்சையாக, தங்கப்பொட்டு வைத்தாற்போல் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த செடியிலும் இருந்தது.

"உள்ள தூங்கறாங்க. பெட்டி காலின்னு நெனச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க. ஆளு தூங்கற பெட்டிய நீங்க எப்பவாச்சும் கழட்ட உட்டிருக்கீங்களா?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செடி செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசிவரை போய்த் திரும்பினார்.

"இல்லம்மா. என் சர்வீஸ்ல அப்படி உட்டதில்ல. இறங்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அவை இறங்குவதற்குள் வேறு பூச்சிகள் வந்து முட்டை வைத்துவிட்டன. அவற்றுக்குப் பின்னால் இன்னும் சில. இப்போதெல்லாம் தினம் காலையில் தலைவரே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, இன்னும் ஆளிருக்குது என்று அறிவித்துவிட்டுப் போகிறார். கல் அடுக்கினபடியே கிடக்கிறது. மற்ற தெருக்காரர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். நாங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுற்றிக் காட்டுகிறோம்.

அக்காவின் மகன் பெங்களூரில் இருக்கிறார். தனியாக இருந்தது போதும், என்னோடு வந்துவிடு என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். "எடம் காலியானதும் வாரேன் சாமி" என்று அக்கா பதில் சொல்லியிருக்கிறாராம்.

காலியாகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.