விதானையாரும் நாலு கரண்டிச் சீனியும்

"விதானையார், தேத்தண்ணி ஆறுது."

சிவக்கொழுந்து மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார். விதானையார் சீவரத்தினம் கிளாசைப் பார்த்தார். வெறுந்தேத்தண்ணியின் அடியில் கரையாத சீனி அரை விரல் உயரத்துக்குக் கிடந்தது. பக்கத்துத் தட்டில் மூன்று பயித்தம் பணியாரம். நேரம் காலை ஏழரை. வாக்காளர் பெயர் பதியும் இடாப்புப் படிவங்களோடு இன்னும் பதினொரு வீடு ஏறி இறங்க வேண்டும். பதினொரு வீட்டிலும் கேத்தில் கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

"இப்பதான் வீட்டிலை குடிச்சிட்டு வாறன், அக்கா."

"அது உங்கடை வீட்டுத் தேத்தண்ணி. இது எங்கடை வீட்டுத் தேத்தண்ணி."

புத்தூரில் இருபது வருடமாக விதானையார், அதாவது கிராம அலுவலர், வேலை பார்ப்பவர் ஒரு படிவத்தை விரித்து அதற்குள் முகத்தைப் புதைத்தார்.

இரண்டு கிழமைக்கு முன்பு ஒருவருக்கும் சொல்லாமல் சாவகச்சேரிக்குப் போய் இரத்தம் சோதித்தார். உள்ளூரில் சோதித்தால் முடிவு அவருக்கு முன்னே ஊருக்குத் தெரிந்துவிடும். டொக்டர் கடதாசியில் நீரிழிவு என்று கண்டுவிட்டுச் சொன்னார்: "காலமைச் சாப்பாட்டை மாத்துங்கோ. சீனியை அடியோடை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி ஊசிதான்."

அன்று தொடக்கம் மகள் கோபிகா விடிய எழும்பி ஒரு நாள் கேழ்வரகில் குரக்கன் கஞ்சி, ஒரு நாள் இலைக்கஞ்சி என்று மாறி மாறிக் காய்ச்சினாள். பாணும் பட்டரும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், கஞ்சி நல்ல ருசி. வில்லங்கம் முழுவதும் படலைக்கு வெளியேதான்.

'எனக்குச் சீனி வருத்தம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஊர் விட்டுவிடும். ஆனால் சொல்ல வழியில்லை. கோபிகாவுக்கு முப்பது வயதாகப் போகிறது. பன்னிரண்டு சாதகம் பொருந்தாமல் திரும்பி வந்த பிறகு, மானிப்பாயில் நிருஷன் என்றொரு எஞ்சினியர் பொருந்தியிருக்கிறான். படத்தைப் பார்த்துவிட்டு கோபிகா முதல் தடவையாக "ஓம்" என்று சொல்லியிருக்கிறாள்.

"சீனி வருத்தமெண்டு வெளியிலை கதை போச்சுதோ, பரம்பரை வருத்தமெண்டு சம்பந்தத்தை முறிச்சுப்போடுவினம்" என்று மனைவி தவமலர் எச்சரித்திருந்தாள். "உங்களுக்கு வருத்தம் இருக்கிறது அந்தப் படலை தாண்டக்கூடாது."

"அப்ப தேத்தண்ணியை என்னெண்டப்பா வேண்டாமெண்டிறது?"

"அது உங்கடை கெட்டித்தனம்."

கெட்டித்தனம் அன்றைக்கு வேலை செய்யவில்லை. சீவரத்தினம் அவசர வேலை என்று பாசாங்கு செய்து, கிளாசைத் தொடாமல் எழும்பிவிட்டார். சிவக்கொழுந்தின் முகம் கறுத்தது.

"எங்கடை வீட்டிலை வாய் நனைக்க விதானையாருக்கு மனமில்லைப் போலை."

பத்து மணிக்குள் கதை ஊரைச் சுற்றி வந்துவிட்டது. விதானையார் ஆள் பார்த்து, குலம் பார்த்துத்தான் தேத்தண்ணி குடிக்கிறாராம். இந்த ஊரில் இதைவிடக் கெட்ட பெயர் ஒரு மனிதனுக்கு வேண்டியதில்லை. மத்தியானம் யாரோ பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு எழுதுகிறார்கள் என்றும் செய்தி வந்தது. தான் அப்படிப்பட்ட ஆளா? ஐயோ, ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்கு இவ்வளவா?

அடுத்த நாள் காலையில் சிவக்கொழுந்து வீட்டில் இரண்டு கிளாஸ் குடித்தார். பணியாரத்தையும் மிச்சம் விடவில்லை. அன்றைக்குப் போன மற்ற ஒன்பது வீட்டிலும் கேட்டு வாங்கிக் குடித்தார். பின்னேரம் வீடு திரும்பியபோது நாக்கு வறண்டு, உள்ளங்கால் எரிந்தது.

"கஞ்சி குடிச்ச மனிசனுக்கு இதென்ன கோலம்?" என்றாள் தவமலர்.

"கஞ்சி ஒரு கோப்பை. தேத்தண்ணி பதினொண்டு. கணக்குப் பாரும்."

தவமலர் யோசித்தாள். அவள் யோசித்தால் சீவரத்தினத்துக்குப் பயம்.

"விரதமெண்டு சொல்லுங்கோ. விரதகாரரை ஒருத்தரும் வற்புறுத்தமாட்டினம். கோவிக்கவும் மாட்டினம்."

முதலாவது வீட்டில் அது அருமையாகத்தான் வேலை செய்தது. சிவக்கொழுந்து கிளாசைத் தானே எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டார். போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டார்:

"இப்ப என்ன விரதம், விதானையார்? கலண்டரிலை ஒண்டையும் காணேல்லை."

சீவரத்தினம் கலண்டர் பார்த்திருக்கவில்லை. "நேர்த்தி, அக்கா."

"என்ன நேர்த்தி?"

"பிள்ளையின்ரை கலியாணம் சரிவர வேணுமெண்டு."

சிவக்கொழுந்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தகப்பனா! அடுத்த நாள் காலையில் விதானையார் போன வீடெல்லாம் விரதகாரருக்கென்று பாலும் பழமும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. பால் என்றால் சும்மா பாலா? சீனி போட்டுக் காய்ச்சிய பால். பழம் என்றால் ஒன்றா? சீப்பு. கோயில் வாசலில் ஐயர் கூப்பிட்டு நிறுத்தி, வாழையிலை நிறையப் பொங்கி இறக்கிய சர்க்கரைப் புக்கை வைத்தார்.

"பிரசாதம். வேண்டாமெண்டு சொல்லப்படாது" என்றார் ஐயர்.

வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. கோயில் மதிலில் சாய்ந்து நின்று சாப்பிட்டு, விரலையும் நக்கினார். தேத்தண்ணியோடேயே இருந்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

விரதம் தொடங்கி ஐந்தாம் நாள் தரகர் மார்க்கண்டு சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்க உள்ளே வந்தார்.

"விதானையார், என்ன வேலை பாத்தனியள்? மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னைப் பிடிச்சு உலுக்கினம். தகப்பன் பால் பழத்தோடை நேர்த்தி வைக்கிற அளவுக்குப் பிள்ளையின்ரை சாதகத்திலை என்ன தோசம் கிடக்குதாம்? காட்டின சாதகம் உண்மையானதோ எண்டும் கேக்கினம்."

கதவுக்குப் பின்னால் நின்ற கோபிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் போன விதம் சீவரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. தன்னுடைய வாயால் பிள்ளையின் வாழ்க்கை கெடப் போகிறதே!

"தோசமும் இல்லை, நேர்த்தியும் இல்லை! விரதம் முடிஞ்சுது!" என்று கத்தினார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை காலமை அவையின்ரை வீட்டை வாருங்கோ. ஒருக்கா இருந்து கதைச்சால் எல்லாம் சரிவரும்."

மார்க்கண்டு போனதும் தவமலர் கிட்ட வந்தாள். "போற இடத்திலை ஒண்டையும் வேண்டாமெண்டாதேங்கோ. வடிவாச் சாப்பிடுங்கோ. விரதமும் இல்லை, வருத்தமும் இல்லையெண்டு அவைக்கு விளங்கவேணும்."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டருக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கோ?"

மானிப்பாய் வீட்டில் மேசை நிறைந்திருந்தது. பாண், பட்டர், ஜாம், கேக், அல்வா மாதிரித் தொதல், கப்பல் வாழைப்பழம். ஆனால் கோப்பையும் தட்டும் சீவரத்தினத்துக்கும் கூட வந்த மார்க்கண்டுவுக்கும் மட்டுமே வைத்திருந்தார்கள். நிருஷனின் தகப்பனும் தாயும் கையைக் கட்டிக்கொண்டு எதிரே இருந்தார்கள்.

"நீங்கள் எடுக்கேல்லையோ?" என்று கேட்டார் சீவரத்தினம்.

"நாங்கள் வேளைக்கே முடிச்சிட்டம்" என்றார் தகப்பன்.

பெரிய மரியாதைக்காரர், மேசையை முழுக்க வந்தவர்களுக்கே விட்டிருக்கிறார்கள் என்று சீவரத்தினம் நினைத்தார்.

தாய் தேத்தண்ணியை ஊற்றிவிட்டுத் தயங்கினார். "சீனி... போடுறதோ?"

இதுதான் தருணம். சீவரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன கேள்வி, தங்கச்சி? நாலு கரண்டி போடுங்கோ!"

தாயின் கை நின்றது. பிறகு ஒவ்வொரு கரண்டியாக நான்கையும் போட்டார். சீவரத்தினம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். தொதலில் மூன்று துண்டு. கேக்கில் இரண்டு. பாணில் பட்டரைப் பூசி அதன்மேல் சீனியும் தூவினார். மார்க்கண்டு மேசைக்குக் கீழே காலால் தட்டினார். நல்லாய்ச் செய்கிறேன் என்று பாராட்டுகிறார் போலும் என எண்ணி, சீவரத்தினம் நாலாவது தொதலை எடுத்தார்.

தகப்பன் தொண்டையைச் செருமினார். "உங்கடை வீட்டிலை காலமைச் சாப்பாடு என்ன மாதிரி?"

"இதேதான்! பாண், பட்டர், சீனி!"

"கஞ்சி ஏதும்...?"

சீவரத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆர் சொன்னது? மோப்பம் பிடித்துவிட்டார்களோ? உடனே பெரிதாகச் சிரித்தார்.

"கஞ்சியோ? அது வருத்தக்காரருக்கெல்லோ! எங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. கோபிகாவுக்குக் குரக்கன் என்ன நிறமெண்டே தெரியாது."

தகப்பனும் தாயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தாய் சீனிப் போத்தலை மூடி உள்ளே கொண்டுபோனார். சீவரத்தினம் வெற்றியோடு பஸ்ஸேறினார். தலை சுற்றியது. இருந்தாலும் மனம் நிறைந்திருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மார்க்கண்டு வந்தார். தவமலர் ஓடி வந்து கதிரை போட்டாள். அவர் இருக்கவில்லை.

"அவை வேறை இடம் பாக்கப் போகினமாம்."

"ஏன்? சாதகமோ?" என்றாள் தவமலர்.

"சாதகம் திறம்."

"பிள்ளையைப் பிடிக்கேல்லையோ?"

"பிள்ளை தங்கமெண்டினம்."

"அப்ப என்ன கோதாரிக்கு வேண்டாமெண்டவை?" சீவரத்தினத்தின் குரல் உடைந்தது. "ஒரு வருத்தமும் இல்லாத ஆள் மாதிரி உயிரைக் குடுத்துச் சாப்பிட்டனானே!"

மார்க்கண்டு தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அதுதான், விதானையார், பிழையாப் போச்சு. அந்த வீட்டிலை மாப்பிள்ளையோடை சேத்து நாலு பேருக்கும் சீனி வருத்தம். வெளியிலை சொல்லாமல், காலமை கஞ்சி குடிக்கிற வீடாப் பாத்துத் தாவெண்டுதான் என்னை அனுப்பினவை."