காருக்கும் ஒரு டிக்கெட்

உயிருள்ளவரை என் கார்ச் சாவியை யாரிடமும் கொடுப்பதில்லை என்று போன தை மாதம் ஒரு சபதம் எடுத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

இத்தனைக்கும் நான் தனியார் பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். வாய் வராதவன் எப்படிக் கண்டக்டராக இருந்தான் என்று கேட்பீர்கள். விசில் இருந்தது. ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக. அதற்கு மேல் பேச வேண்டிய அவசியம் அந்த வேலையில் எனக்கு வந்ததில்லை. வீட்டிலும் வந்ததில்லை. அங்கே விசில் என் மனைவி ஞானசெல்வியிடம் இருந்தது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனால் எண்ணிக்கை தப்பாது. எங்கள் பஸ் கூடலூரிலிருந்து கெங்குவார்பட்டி வரை ஓடியது. அந்தச் சாலையில் எத்தனை வளைவு, எத்தனை பாலம், எத்தனை வேகத்தடை என்பது என் கால்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருடமும் நின்றுகொண்டே போனவை அல்லவா? அந்த பஸ்ஸில் நான் ஒருநாளும் உட்காராத இருக்கை டிரைவர் இருக்கை. வேலையை விட்டதும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். ஐம்பத்தொன்பதாம் வயதில் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். முன்னால் சாலை முழுவதும் எனக்கே எனக்கென்று கிடந்தது.

இப்போது வயது அறுபத்தெட்டு. இரண்டு வருடமாகக் கண்ணில் பனி இறங்கியிருக்கிறது. மார்கழிப் பனியென்றால் மாசிக்குள் போயிருக்க வேண்டும். இது போகவில்லை. போகாவிட்டால் என்ன? இராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து உத்தமபாளையம் வரை ஒன்பது வேகத்தடை, நாலு வளைவு. எண்ணிக்கொண்டே ஓட்டுகிறவனுக்குக் கண் எதற்கு?

செல்விக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தேன். கரண்டு பில் வந்தால், "கண்ணாடி உள்ள கெடக்கு, நீயே படி" என்பேன். மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஞாயிற்றுக்கிழமைப் பைபிள் வாசகம், எல்லாவற்றையும் அவளே படித்தாள். சுமுகமாகப் போயிற்று.

ஒரு காலையில் மாதா கோயில் வாசலில் வெள்ளையாகப் பங்குச்சாமி நிற்பதைப் பார்த்தேன். கைகூப்பி, "தோத்திரம் சாமி" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து மறுபடியும் சொன்னேன்.

பின்னாலிருந்து செல்வி கேட்டாள். "சாமி என்ன சொன்னாக?"

"ஏதோ யோசனையில இருக்காக போல."

"இருக்கும், இருக்கும். இன்னைக்கு எத்தனை லிட்டர் பால் கொண்டுவந்தாகன்னு கேட்டீகளா?"

அது பால் வேன். நானும் விடவில்லை. "பால் கொடுக்கிற வண்டி. ஒரு கும்பிடு போட்டா என்ன குறைஞ்சு போச்சு?" என்றேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

காரில் வேறொரு தொல்லை இருந்தது. கரப்பான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது செல்வி, "ஆத்தா! கரப்பான்!" என்று கத்துவாள். நான் சட்டென்று பிரேக் போடுவேன். காரை நிறுத்திவிட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆறு மாதத்தில் ஏழு முறை. நாலு முறை மருந்து அடித்தேன். எனக்கு இருமல் வந்ததே தவிரக் கரப்பான் சாகவில்லை. அதன் பிணம்கூடக் கிடைக்கவில்லை.

பங்குனியில் மகள் கிளாரா தாம்பரத்திலிருந்து போன் செய்தாள். பேத்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்.

"அப்பா, பஸ்ல வந்துருங்க. காரு வேணாம். இனிமே நீங்க காரு ஓட்டவே வேணாம்ப்பா."

அந்த 'இனிமே' என்ற சொல் என்னைச் சுட்டது. காரோடுதான் போவது, மகள் வீட்டு வாசலில் நானே ஓட்டிப் போய் இறங்குவது என்று அன்றே முடிவெடுத்தேன். இனி ஒருவரும் 'இனிமே' என்று பேசக் கூடாது. ஆனால் ஒரு சிக்கல். என் எண்ணிக்கை கெங்குவார்பட்டியோடு முடிகிறது. அதற்கு அப்பால் எத்தனை வேகத்தடை என்பது அரசாங்கத்துக்கே தெரியாது.

பக்கத்து வீட்டு அழகர் வாழை விவசாயி. என் காரில் ஒரே ஒரு தடவை ஏறினான். மறுமுறை கூப்பிட்டபோது, "இல்லண்ணே, டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு உத்தமபாளையம் வரைக்கும் நடந்தே போனவன். அவன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, புதுசா ஒரு தனியார் ரயிலு விட்டிருக்கான். 'கூடவே ரயில்'னு பேரு. தேனியில ஏறுனா தாம்பரத்துல எறக்கி விடுறான்."

"அதுல என்ன புதுசு?"

"நம்ம காரையும் ஏத்திக்கிறான்ண்ணே! நாம முன்னால பெட்டியில உக்காந்துக்கிட வேண்டியது. காரு பின்னாலயே வரும். எறங்குனதும் சாவியைக் கையில கொடுத்துருவான்."

எனக்கு ஒரு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டே அடித்திருப்பேன். ஐந்நூறு கிலோமீட்டரை ரயில் பார்த்துக்கொள்ளும். தேனி வரை என் கணக்கு இருக்கிறது. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து மகள் வீடு நாலு கிலோமீட்டர். அதற்கு மட்டும் புதுக் கணக்கு எடுத்தால் போதும். மாப்பிள்ளை ஆரோக்கிய பிரபுவுக்குப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை, ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு இடது பக்கம் எத்தனை தடவை திரும்பணும், வலது பக்கம் எத்தனை?"

"எதுக்கு மாமா?"

"சும்மா ஒரு பொது அறிவுக்கு."

இடது மூன்று, வலது இரண்டு, வேகத்தடை ஆறு. நோட்டில் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டேன்.

செல்வி தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "நல்ல யோசனைங்க. நானே டிக்கெட்டு போடுறேன்" என்றாள். முப்பத்தொன்பது வருடத்தில் என் யோசனையை அவள் நல்ல யோசனை என்றது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டுவிட்டேன்.

அழகரின் மகள் கயல் போனிலேயே பதிவு செய்து, தாளில் அச்செடுத்துக் கொடுத்தாள். செல்வி என்னிடம் நீட்டினாள்.

"சரியா இருக்கான்னு பாருங்க. டிக்கெட்டு பாக்குறது உங்க தொழிலுல்ல?"

தாளைத் தூரப் பிடித்தேன். கிட்டப் பிடித்தேன். எறும்பு ஊர்வது போலிருந்தது.

"கண்ணாடி உள்ள கெடக்கு. நீயே படி."

அவள் தாளைத் திரும்ப வாங்கினாள். பிறகு படித்தாள். "பயணிகள் ரெண்டு பேரு. போகவும் வரவும். வெள்ளைக் காரு ஒண்ணு. போற நாளு வியாழன், வர்ற நாளு திங்கள்." தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்கதான் பத்திரமா வச்சுக்கிடுவீக."

வியாழன் விடியக் கிளம்பினோம். தேனி வரை இருபத்து மூன்று வேகத்தடை. பத்தொன்பது வரை சரியாக வந்தது. இருபதாவதற்கு முன்னால் கணக்கில் இல்லாத ஒன்று குறுக்கே கிடந்தது. கார் எகிறியது. செல்வியின் தலை கூரையில் இடித்தது.

"புதுசாப் போட்டிருக்கான் போல" என்றேன்.

"போட்டு ஆறு மாசமாச்சு" என்றாள் தலையைத் தேய்த்துக்கொண்டே.

ஸ்டேஷனில் ரயிலின் வால் பக்கத்தில் சாய்தளம் போட்டிருந்தார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மூடிய பெட்டிக்குள் ஏறின. நான் ஏற்றலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். சட்டையில் மாரீஸ்வரி என்று எழுதியிருந்ததாகச் செல்வி பிறகு சொன்னாள்.

"ஐயா, சாவி."

"நானே ஏத்திருவேனே."

"எங்க ஆளுகதான்யா ஏத்தணும். கம்பெனி சட்டம்."

சட்டம் என்றால் எனக்குப் பயம். கொடுத்தேன். சபதம் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் சாவிக்குப் பதிலாக ஒரு டோக்கன் கொடுத்தாள். பதினேழாம் நம்பர். அதையும் செல்வி வாங்கிக்கொண்டாள். மாரீஸ்வரி ஒரே மூச்சில் காரைச் சாய்தளத்தில் ஏற்றி, சக்கரங்களுக்குச் சங்கிலி போடவைத்துவிட்டு இறங்கினாள். எங்கும் இடிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

தாம்பரத்தில் இறங்கியபோது மாப்பிள்ளை வந்து நின்றார். நான் நோட்டை எடுப்பதற்குள் செல்வி டோக்கனை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை ஓட்டட்டுங்க. ஆசையாக் கேக்குறாக."

அவர் ஒன்றும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் போய், ஆசை இல்லை என்று சொல்லுங்கள் என்றா கேட்பது? பின்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டு வந்தேன். இடது மூன்று, வலது இரண்டு, வேகத்தடை ஆறு. கணக்கு சரியாக இருந்தது. ஓட்டியவன்தான் மாறிவிட்டான்.

போகட்டும், திரும்பும்போது நான் ஓட்டுவேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. திங்கள் காலை, பையோடு வாசலுக்கு வந்து கையை நீட்டினேன்.

"மாப்பிள்ளை, சாவி."

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். பேத்தி என்னைப் பார்த்தாள்.

செல்வி சொன்னாள். "சாவி எதுக்கு? ஆட்டோ வந்து நிக்கிது பாருங்க."

"ஆட்டோவா? அப்ப காரு?"

"காரு இங்கனதான் இருக்கும். நமக்குத்தான் போக வர டிக்கெட்டு. காருக்குப் போக மட்டும்தான் போட்டிருக்கு. தெளிவா எழுதியிருக்கே, படிக்கலயா நீங்க? டிக்கெட்டு நாலு நாளா உங்க பையிலதான இருக்கு?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். படிக்கவில்லை என்றால், முப்பத்தோரு வருடக் கண்டக்டர் ஏன் படிக்கவில்லை என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால், கண் தெரியவில்லையா என்று கேட்பார்கள்.

"படிச்சேன்" என்றேன். "படிக்காம இருப்பேனா? காரு பிள்ளைக்கு உதவட்டும்னுதான்."

கிளாரா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவாப்பா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விழுப்புரம் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"வண்டியை விட்டுட்டு வந்தது சரி. கரப்பானைப் பத்தி மாப்பிள்ளைகிட்ட எச்சரிக்கை பண்ணுனியா?"

"எந்தக் கரப்பான்?"

"ஏழு தடவை கத்துனியே."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு விரலை மடக்கினாள். எனக்குத்தான் எண்ணிக்கை வரும் என்று நினைத்திருந்தேன். "மொதத் தடவை அனுமந்தன்பட்டியில, சைக்கிள்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ரெண்டாவது ஒரு ஆட்டுக்குட்டி. மூணாவது நம்ம மொக்கம்மா அக்கா, தலையில புல்லுக்கட்டோட. நாலாவது..."

"போதும்" என்றேன்.

மீதி நாலை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு பக்கத்தில் வந்து நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முன்னால் கிடந்த சாலை முழுவதும் எனக்கே எனக்கு என்று நினைத்திருக்கிறேன். அதில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அந்தக் காரில் ஒரு கரப்பான்கூட இருந்ததில்லை. நாலு முறை மருந்து அடித்திருக்கிறேன்.

"ஏன் நேராவே சொல்லல?"

"சொன்னா சாவியைக் கொடுத்திருப்பீகளா?"

மாட்டேன். அதுவும் அவளுக்குத் தெரியும். எனக்குத் தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மனம் என்னவோ லேசாகிவிட்டது. அப்படியே தூங்கிப்போனேன்.

செல்வி தோளைத் தட்டினாள். வண்டி நின்றிருந்தது.

"எந்திரிங்க. எறங்கணும்."

"அதுக்குள்ள தேனியா?"

"மதுரை. நம்ம டிக்கெட்டு மதுரை வரைக்கும்தான். மூணு மணிக்குக் கண்ணாஸ்பத்திரியில வரச் சொல்லியிருக்காக. நாளைக்கு ஒரு கண்ணுக்கு ஆபரேசன், அடுத்த மாசம் இன்னொண்ணுக்கு. டிக்கெட்டுக்குப் பின்னாலயே எழுதி வச்சிருந்தேனே, படிச்சீகள்ல?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டேன்.

"படிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியை எண்ணி இறங்கினேன்.