மச்சான் கொடுத்த சிபியுவும் என் பதினேழு இஞ்ச் மானிட்டரும்

திருப்புலிவனம்,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சான் ராஜாராமுக்கு, உன் அக்கா புருஷன் வரதன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா சரசு, மகள் தேவி மூவரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன், நம்ப வேண்டாம். அங்கு நீயும் உன் வீட்டாரும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை. நேற்றிலிருந்து பதினோரு தடவை போன் போட்டும் நீ எடுக்காததால் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தைக் கட் பண்ண முடியாது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன் தப்புக்கு வருகிறேன். ஆவணியில் உன் பிள்ளைக்குக் காது குத்தின அன்று, நீ கேம் ஆடி முடித்த கம்ப்யூட்டரை தேவிக்குத் தருவதாகச் சொன்னாய். "மானிட்டர் மட்டும் வேற பாக்கணும் மாமா" என்றும் சொன்னாய். நான்தான் பந்தியில் அத்தனை பேர் பார்க்க, "மானிட்டரா? எங்கிட்ட கீதுப்பா, பதினேழு இஞ்ச்" என்று மார் தட்டினேன். நான் வாட்ச்மேனாக இருந்த உத்திரமேரூர் கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது ஓனர், எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். மற்றவர்கள் ஃபேன், நாற்காலி என்று விவரமாக எடுத்தார்கள். நான் எதில் கண்ணாடி பெரிதாக இருந்ததோ அதை எடுத்தேன். முன்னால் பார்த்தால் டிவி, பின்னால் பார்த்தால் நெல் மூட்டை. ஷேர் ஆட்டோவில் அது சீட்டில் உட்கார்ந்து வந்தது, நான் தொங்கிக்கொண்டு வந்தேன். எட்டு வருஷமாக உன் அக்காவின் பழைய புடவையைப் போர்த்திக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

இப்போது தேவி விஷயம். நீ இருக்கிற மெட்ராஸில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு ஸ்டுடியோ அவளுக்குப் பரீட்சை மாதிரி ஒரு வேலை கொடுத்திருக்கிறது. ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டி, நிறம் சரி பண்ணி, ஞாயிறு சாயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் வேலை நிச்சயம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றிருக்கிறார்கள். அனுப்பாவிட்டால் திங்கட்கிழமை மெட்ராஸுக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி வேறு வேலை தேடுவேன் என்கிறாள் உன் மருமகள். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளும் போய்விட்டால் நானும் உன் அக்காவும் யார் முகத்தை யார் பார்ப்பது? அதனால் அந்தப் பெட்டியில் படம் வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

நீ கொடுத்த பொருளுக்கு நான் மரியாதை செய்யவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ஆயுத பூஜை அன்று அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உன் சிபியுவைத்தான் நடுவீட்டில் வைத்தேன். என் கையாலேயே சந்தனம் குழைத்து, முன்பக்கம் பின்பக்கம் ஓர் இடம் பாக்கி விடாமல் வைத்து, மேலே குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டினேன். எலுமிச்சம்பழத்தை ஏறி நசுக்க அதற்குச் சக்கரம் இல்லாததால் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி, நல்ல நாள் என்று சிபியுவைச் சுவர் மூலையில் நிறுத்தி இணைப்புக் கொடுக்க உட்கார்ந்தேன். மானிட்டர் ஒயரின் முனையில் நீல நிற மூக்கு. சிபியுவின் முதுகைத் தடவிப் பார்த்தால் அதே அளவில், அதே நீலத்தில் ஒரு பொந்து. ஜோடி கிடைத்துவிட்டது என்று சொருகித் திருகி முடுக்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் மானிட்டர் டொய்ங் என்று ஒரு சத்தம் கொடுத்தது, பக்கத்து வீட்டு மாசியின் கோழி வேலியைத் தாண்டி ஓடிற்று, படம் வரவில்லை. உனக்குப் போன் போட்டால், "அது செத்த பொந்து மாமா, அதுல வராது. கீழ கேம் ஆட நான் தனியா போட்ட கார்டு கீது பாருங்க, படம் அதுலேந்துதான் வரும், அதுலதான் போடணும்" என்றாய். கார்டில் நீலமே இல்லை, எல்லாம் தட்டை ஓட்டை. கேட்டால், "கார்டு புதுசு, உங்க மானிட்டரு பழசு. இது பேசறது அதுக்குப் புரியாது. நடுவுல கன்வர்ட்டர் போடுங்க" என்றாய். இருபத்தாறு வருஷமாக உன் அக்கா பேசுவது எனக்குப் புரியவில்லை, அதற்கு ஒரு கன்வர்ட்டரும் கிடைத்தபாடில்லை, இதற்கு மட்டும் கடையில் கிடைக்குமாம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஞானதாஸ் செல்போன் கடை வைத்திருக்கிறான், அவனிடம் போனேன். ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் நீலமுமாக ஒரு ஒயரைக் கொடுத்தான். படம் வரவில்லை. "அது வெறும் ஒயரு மாமா, உள்ள ஒண்ணும் கெடயாது. நடுவுல சின்னப் பெட்டி வெச்சது கேளுங்க" என்று சாவகாசமாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை மறுபடி போய்ப் பெட்டி வைத்ததை வாங்கி வந்தேன். பாதிதான் உள்ளே போயிற்று. புதுசு, டைட்டாகத்தான் இருக்கும் என்று உள்ளங்கையால் அமுக்கி ஏற்றினேன். அப்போதும் இருட்டு. மாசி வந்து, "நவுரு மாமா, டிவி பொட்டி பத்தி எனக்குத் தெரியும்" என்று மானிட்டரின் தலையில் மூன்று தட்டுத் தட்டினான். எட்டு வருஷத்துத் தூசி வந்தது.

ஞானதாஸைப் போனில் கேட்டால், "ரெண்டத்தையும் எடுத்துக்கினு வாண்ணே, கடையில போட்டுப் பாத்துடலாம்" என்றான். சிபியுவைத் தூக்கினேன். உன் அக்கா வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"வெள்ளிக்கியமையும் அதுவுமா பூஜை போட்ட பொருள வாச தாண்ட வுட மாட்டேன். லட்சுமியும் கூடவே பூடுவா."

"அப்ப மானிட்டரு?"

"அது பயசு. அதுக்கு எவன் பூஜை போட்டான்? தூக்கினு போ."

ஆக மானிட்டர் மட்டும் மறுபடி ஷேர் ஆட்டோ ஏறியது. கடையில் அவன் கம்ப்யூட்டரில் அதே கன்வர்ட்டரைப் போட்டு இணைத்தான். படம் வந்தது மச்சான்! பச்சைப் பசேலென்று ஒரு மலை, மேலே மேகம். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஞானதாஸ் தெளிவாகச் சொன்னான்: "மானிட்டரு நல்லா கீது, கன்வர்ட்டரும் நல்லா கீது. உங்க மச்சான் குடுத்த கார்டுதாண்ணே பேஜாரு." அதைத்தான் உன்னிடம் போனில் கேட்டேன். நீயோ, "என் கார்டு சுத்தமா கீது, நீங்க இன்னா பண்ணித் தொலைச்சீங்க மாமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். இன்னா பண்ணேனா? கற்பூரம் காட்டினேன்டா!

இப்போது தேவி பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். "வுடு நைனா, நீ இன்னா பண்ணுவ" என்கிறாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கெட்டுப்போன கார்டை என் தலையில் கட்டி, பெண்ணை வீட்டை விட்டுக் கிளப்பிவிட்டாய். இனிமேல் உன் வாசலை மிதிக்க மாட்டேன். அது வேறு, இது வேறு: அவளுக்கு ஒரு நல்ல ஹாஸ்டலாகப் பார். தண்ணீர் ஒழுங்காக வரவேண்டும், சாம்பார் சாம்பாராக இருக்கவேண்டும், நீ அடிக்கடி போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கவேண்டும்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். காது குத்திய பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உனக்கு உண்டான ஆசீர்வாதத்தைக் கோபம் தீர்ந்ததும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன்னால் நொந்துபோன மாமா,
வரதன்.

பின்குறிப்பு: இது செவ்வாய்க்கிழமை எழுதுவது. சனிக்கிழமை தபால் கட்டு போய்விட்டதால் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. அன்றைக்கே உன் சிபியுவைத் திருப்பி அனுப்பக் கோணியில் கட்டலாம் என்று மூலையிலிருந்து வெளிச்சத்துக்கு இழுத்தேன். கார்டின் ஓட்டை நாலிலும் பூஜைக்கு வைத்த சந்தனம் உள்ளே போய்க் காய்ந்து இறுகிக் கிடந்தது, குங்குமத்தோடு. பொட்டு வைக்கிற இடம் எது, வாய் எது என்று எனக்குத் தெரியவில்லை. தாயும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். ஊதுவத்திக் குச்சியால் சுரண்டி எடுத்து, ஊதிவிட்டுச் சொருகினேன். முழுசாக உள்ளே போயிற்று. படம் வந்துவிட்டது. ஆகவே மேலே உன்னைத் திட்டியது எதுவும் செல்லாது, வேறு தாள் இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன். தேவி பையைப் பிரித்துத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, ஞாயிறு முழுக்க எழுந்திருக்காமல் முடித்து அனுப்பினாள். நேற்று ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. நிறம் இவ்வளவு நன்றாகப் பார்க்கிற பெண்ணை வீட்டில் உட்கார வைக்க மனசு வரவில்லையாம், ஆபீசுக்கே வரச் சொல்லிவிட்டார்கள், வியாழக்கிழமை சேரவேண்டும். உன் அக்கா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள், நானும் கை நீட்டி வாங்கித் தின்றேன். மானிட்டருக்கு மறுபடி புடவை போர்த்தியாயிற்று. ஹாஸ்டல் பார்க்கச் சொன்ன வரியை மட்டும் அடித்துவிடாதே. அந்தச் சந்தனத்தைச் சுரண்டும்போது நான் பாட்டுக்கூடப் பாடினேன் மச்சான், பெண் வீட்டோடு இருந்துவிடுவாள் என்ற சந்தோஷத்தில்.